கையில் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்தால் பழி போகுமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். நடுநடுவே "சாரி அங்கிள், இதற்குத் தமிழில் என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை" என்று வேறு. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய பெரியம்மாவுக்கு 74 வயது. பெரியப்பா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. பழைய நகராட்சி வீடு, பக்கத்து வீட்டோடு ஒட்டியது, நடுச்சுவர் ஒன்றுதான். வாசலில் ஒரு வேப்பமரம், அடியில் மஞ்சள் பூசிய கல், வெள்ளிக்கிழமை ஒரு விளக்கு. தெருவில் எந்தக் குழந்தை இரவெல்லாம் அழுதாலும் தாய்மார்கள் இவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒரு பிடி கல்லுப்பு, ஐந்து காய்ந்த மிளகாய், மூன்று சுற்று, அப்புறம் அடுப்பில் போடுவது. காசு வாங்கியதே இல்லை.

இந்த ஆடியில், கோவிலில் மாரியம்மன் கஞ்சிப் பூஜைக்கு முந்தைய பஜனையின்போது, காலையிலிருந்து விரதம் இருந்த 14 வயதுப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். மூச்சு வாங்கியது, கைவிரல்கள் உள்பக்கமாக மடங்கிக்கொண்டன. மறுவாரம் இன்னும் இரண்டு பேர். மூன்று வாரத்தில் ஒன்பது பெண்கள். சிலர் பள்ளியிலேயே விழுந்தார்கள். மருத்துவமனையில் பரிசோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். ஒன்றுமில்லாமல் ஒன்பது பேர் எப்படி விழுவார்கள் என்று பெற்றோர்கள் அருள்வாக்கு சொல்லும் ஓர் அம்மாவிடம் போனார்கள். "புருஷனை முழுங்கினவ, வேப்பமரத்தடியில புதைச்சு வச்சிருக்கா" என்று வாக்கு வந்தது. யாரோ அதைப் போனில் பதிவு செய்ய, இரவுக்குள் வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கப் போய்விட்டது. மறுநாள் காலை நாலு பேர் வந்து மரத்தடியைத் தோண்டினார்கள். எலும்பு கிடைத்தது. "அது பெரியப்பா வளர்த்த நாய், அங்கிள். அவர் புதைத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை."

அன்றிலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் கல் விழுகிறது. கேட்டில் சிவப்புப் பெயின்டில் ஏதோ எழுதியிருக்கிறார்கள். கோவில் கமிட்டி கஞ்சி காய்ச்ச வரவேண்டாம் என்றுவிட்டது. ஈமச் செலவுக்காக மாதாமாதம் பணம் சேர்க்கும் பரியல் சொசைட்டி இந்த மாதப் பணத்தை வாங்க மறுத்துவிட்டது. வருகிற ஞாயிறு கூட்டம். பெரியம்மா அம்மன் முன்னால் உள்ளங்கையில் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்ய வேண்டும். இல்லையென்றால் செய்ததை ஒப்புக்கொண்டு, பரிகாரப் பூஜை போட்டு, "கட்டினதை அவிழ்க்க" வேண்டும். பெரியம்மாவோ, "ஏத்திட்டுப் போறேன், என் அம்மன் என்னைச் சுட மாட்டா" என்கிறாராம். அண்ணன், வீட்டை விற்றுவிட்டு அவரை பீட்டர்மாரிட்ஸ்பர்க் கூட்டிப் போகலாம் என்கிறார். போலீஸ், கோவில் விஷயம், நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டது.

சூடம் ஏற்றி விஷயத்தை முடித்துவிடலாமா? மத விஷயத்தில் சட்டம் தலையிடுமா? அவர்களே பெரியம்மா மேல் சூனியக் கேஸ் போட்டால் உள்ளே தள்ளிவிடுவார்களா? இவை அவர் கேள்விகள்.

அம்மா, டர்பனில் வக்கீலும் அங்கிள்தான், பஸ் ஓட்டுகிறவரும் அங்கிள்தான். அந்த உரிமையிலேயே முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்கிறேன்: வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 74 வயதுத் தோல், வேகத்தான் செய்யும். வெந்தால் குற்றவாளி. வேகாவிட்டால், "பார்த்தியா, நெருப்பையே கட்டிட்டா" என்பார்கள். இரண்டும் நடக்காமல் நல்லபடியாக முடிந்ததாகவே வைத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை பள்ளியில் பத்தாவது பெண் மயங்கி விழுந்தால்? பொய்ச் சத்தியம் செய்தாள் என்று புதுப் பழி சேரும். பழி சொன்னவர்களில் ஒருவராவது தன் கையில் சூடம் ஏற்றுவதாகச் சொன்னாரா? அதை யாரும் கேட்கவே இல்லை, பாருங்கள்.

தன் பெரியம்மா சூனியக்காரி இல்லை என்று காட்டுவதற்கு என்ன வழி என்று கடிதம் முழுக்கத் தேடியிருக்கிறீர்கள். அந்தப் பொறுப்பே உங்களுடையது இல்லை. இந்த நாட்டுச் சட்டப்படி குற்றம் நடந்திருப்பது உண்மைதான். அதைச் செய்தவர் பெரியம்மா அல்ல, அவரை விரல் நீட்டிக் காட்டியவர்கள்.

பரிகாரப் பூஜை இன்னும் ஆபத்து

கடிதத்தின் ஓரத்தில் பென்சிலில், "மன்னிப்புக் கேட்பதுபோல் நடித்துவிட்டால் என்ன?" என்று எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்தது நல்லது. அந்தக் கூட்டத்தில் இருபது போன் வீடியோ எடுக்கும். நாளை வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் வேறெதுவும் பேச மாட்டார், அந்த வீடியோவைப் போட்டுக் காட்டி, "தப்பு செய்யாதவர் எதற்கு மன்னிப்புக் கேட்டார்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

இதை ஊரறிந்த ஒரு பழைய கதை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. சேலம். நம் தமிழ்நாட்டுச் சேலம் இல்லை, அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் இருப்பது. 1692 தொடக்கத்தில் அங்கே ஒரு போதகர் வீட்டில் 9 வயது மகளும் 11 வயது உறவுக்காரச் சிறுமியும் துடித்து விழ ஆரம்பித்தார்கள். மருத்துவர் வந்து பார்த்து, தீய சக்தியின் வேலை என்றார். யார் செய்தது என்று பெரியவர்கள் கேட்கக் கேட்க, பெயர்கள் வந்தன. முதல் மூன்று பெயர்களைப் பாருங்கள்: ஓர் அடிமைப் பெண், வீடு வீடாகப் பிச்சை கேட்ட ஒருத்தி, நோயில் படுத்துத் தேவாலயத்துக்குப் போகாமலிருந்த ஒரு வயதான பெண். கேட்க நாதியற்றவர்கள். உங்கள் தெருவில் முதலில் யார் பெயர் வந்தது?

அந்த நீதிமன்றம் ஒரு விசித்திரமான சாட்சியத்தை ஏற்றது. "அவளுடைய உருவம் இரவில் வந்து என்னைக் கிள்ளியது" என்று ஒரு சிறுமி சொன்னால் போதும். அந்த நேரத்தில் அவள் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள் என்று பத்துப் பேர் சொன்னாலும் பயனில்லை, ஏனென்றால் வந்தது உருவம்தானே. "அம்மன் சொன்னாள்" என்பதும் இதே சாதிதான். குறுக்கு விசாரணைதான் என் பிழைப்பு. அம்மனை எப்படிக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பது, சொல்லுங்கள்!

பக்கத்து ஊரான ஆண்டோவரில் தொட்டுப் பார்க்கும் சோதனை வேறு வைத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் கண்ணைக் கட்டிக்கொண்டுபோய்த் துடிக்கிற பிள்ளையின் மேல் கையை வைப்பார்கள். பிள்ளை அமைதியானால் இவர்தான் சூனியக்காரி. நம் சூடத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை. குற்றத்தை மறுத்தவர்களில் 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். வாய் திறக்க மறுத்த, 80 வயதைத் தாண்டிய முதியவர் ஒருவர்மேல் கல் அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். ஒப்புக்கொண்டவர்களுக்கு உயிர் மிஞ்சியது. ஆனால் ஒப்புக்கொண்டால் போதாது, கூட இருந்தவர்கள் யார் என்றும் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டுவிட்டு, மனசாட்சி உறுத்தி மறுத்த ஒருவரும் தூக்கில்தான் போனார். ஞாயிறன்று பெரியம்மா தலையாட்டினால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று இப்போது தெரிகிறதா? "உனக்கு இதைக் கற்றுக் கொடுத்தது யார்?"

அதை முடித்துவைத்ததில் மதத்தில் ஊறிய ஒருவருக்கும் பங்கு உண்டு. இன்க்ரீஸ் மேதர் என்ற மூத்த போதகர், ஒரு நிரபராதியைத் தண்டிப்பதைவிடச் சந்தேகப்பட்ட சூனியக்காரர் பத்துப் பேர் தப்பிப்பது மேல் என்று அந்த அக்டோபரில் எழுதினார். அதே மாதம் ஆளுநர் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார். ஊரே மதிக்கும் ஒரு குருக்களோ காவடி எடுத்துப் பழுத்த ஒரு பெரியவரோ உங்கள் பக்கம் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். என்னைப் போன்ற பத்து வக்கீல்கள் பேசுவதைவிட அவர் ஒருவர், "அம்மன் பிள்ளைகளைக் காப்பாள், பெரியவங்களைக் காட்டிக் கொடுக்க மாட்டா" என்று சொன்னால் கூட்டம் கேட்கும். 1912 முதல் இருக்கும் தென்னாப்பிரிக்க இந்து மகாசபைக்கும் இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். உடனே வந்து நிற்பார்கள் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. ஆனால் மேலே தெரிந்துவிட்டது என்றால் கமிட்டிக் குரல் கொஞ்சம் இறங்கும்.

அந்தப் பிள்ளைகள் நடிக்கவில்லை

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் "அந்தக் குட்டிகள் எல்லாம் நடிப்பு" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தயவுசெய்து வெளியே சொல்லாதீர்கள். முதலாவது, அது உண்மையில்லை. நான் மருத்துவன் இல்லை. வழக்குகளுக்காக மனநல மருத்துவர்களிடம் கேட்டு அறிந்ததைச் சொல்கிறேன். பயத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் கைவிரல் மடங்கிக்கொள்ளும், தலை சுற்றும். முதல் பெண் வெறும் வயிற்றில், மூடிய கூடத்தில், சூடப் புகையிலும் சாம்பிராணியிலும், உடுக்கைச் சத்தத்தில் நின்றிருக்கிறாள். அவள் விழுந்ததைப் பார்த்தவர்கள் அடுத்து விழுந்தார்கள். பார்வை வழியாகவே பரவும் இது, பெரும்பாலும் வளரிளம் பெண்களிடம் வரும். 1962 ஜனவரியில் தங்கனீக்காவில் (இன்றைய தான்சானியா) கஷாஷா என்ற ஊர்ப் பள்ளியில் மூன்று பெண்கள் அடக்க முடியாமல் சிரிக்க ஆரம்பித்தார்கள். 159 மாணவியரில் 95 பேருக்குப் பரவி, மார்ச்சில் பள்ளியையே மூட வேண்டியதாயிற்று. யாரும் நடிக்கவில்லை, யாரும் செய்வினையும் வைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளைத் தனித்தனியாகப் பிரித்து, வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை விலக்கி, சாப்பிட வைத்து, அமைதியாக இருந்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். கூட்டமும் ஆம்புலன்சும் வீடியோவும் சேர்ந்தால் ஏறும்.

இரண்டாவது, அந்தப் பிள்ளைகளும் இதில் பாதிக்கப்பட்டவர்கள். இரண்டு பெண்களைப் பட்டினி போட்டு, "பேயை இறக்க" பிரம்பால் அடிக்கிறார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அம்மா, அது போகிற போக்கில் எழுதும் விஷயமில்லை. 2005-ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பிள்ளையின் நலனைக் கெடுக்கும் சமய, கலாசாரப் பழக்கங்களிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. பெற்றோர் அளவோடு அடிக்கலாம் என்றிருந்த பழைய சலுகையையும் 2019 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் நீக்கிவிட்டது. சமூகநலத் துறைக்கோ 116 என்ற சிறுவர் உதவி எண்ணுக்கோ சொல்லுங்கள். பெரியம்மா வழக்குக்கு உதவும் என்பதற்காகச் சொல்லாதீர்கள், பிள்ளைகளுக்காகச் சொல்லுங்கள்.

சேலத்தில் பெயர் சொன்ன சிறுமிகளில் ஆன் புட்னம் என்பவளுக்கு அப்போது 12 வயது. 1706-இல், 26 வயதில், தேவாலயத்தில் எல்லோர் முன்னிலும் எழுந்து நின்றாள். குற்றமற்றவர்கள் மேல் பழி சொன்னதற்காக அவள் எழுதிக் கொடுத்த மன்னிப்பைப் போதகர் வாசித்தார். அவள் பெயர் சொன்னவர்களில் பலர் அப்போது மண்ணுக்குள் இருந்தார்கள்.

மத சுதந்திரம் என்று அவர்கள் சொன்னால்

சொல்வார்கள். அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு வழிபாட்டு உரிமை தருகிறது, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. டர்பன் பள்ளி ஒன்றில் நம் பெண் பிள்ளை மூக்குத்தி போட்டு வரக் கூடாது என்றபோது, 2007-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் பிள்ளையின் பக்கம்தான் நின்றது. நம் வழக்கங்களுக்கு இந்த நாட்டில் கிடைக்கும் மரியாதை சாதாரணமில்லை. ஆனால் சமூகங்களின் சமய உரிமையைச் சொல்லும் 31-ஆம் பிரிவு அதே மூச்சில், மற்றவரின் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. மூக்குத்தி தன் மூக்கில் போடுவது. சூடத்தை அடுத்தவர் கையில் ஏற்றுகிறார்கள்.

2000-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் இன்னும் நேராகப் பேசுகிறது: பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் வழக்கம், அது சமய வழக்கமாகவே இருந்தாலும், பாகுபாடு. "புருஷனை முழுங்கினவ" என்ற வாக்கை எந்த மனைவியை இழந்த ஆண் மேலாவது யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சமத்துவ நீதிமன்றத்தில் மனு கொடுக்கக் கட்டணம் கிடையாது.

"இதெல்லாம் வடக்கே கிராமத்தில் கறுப்பின மக்களிடம் நடப்பது, நம் ஆட்களிடம் நடக்காது என்று நினைத்திருந்தேன்" என்கிறீர்கள். இந்த நினைப்பைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இன்றைய லிம்போபோ மாகாணத்தில் சூனியக் குற்றச்சாட்டால் நூற்றுக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள் என்பது உண்மை. அதை ஆராய 1995-இல் ரலுஷாய் ஆணைக்குழுவையே போட்டார்கள். ஆனால் வதந்திக்கு நிறம் கிடையாது. 1949 ஜனவரி 13 அன்று டர்பனில், ஓர் இந்தியக் கடைக்காரருக்கும் ஓர் ஆப்பிரிக்கப் பையனுக்கும் நடந்த சச்சரவு, பையன் செத்துவிட்டான் என்ற புரளியாக மாறியது. பையன் உயிரோடுதான் இருந்தான். அடங்குவதற்குள் 142 பேர் போனார்கள். என் அம்மா கேட்டோ மேனரில் கரும்புக்குள் ஒளிந்த கதையைச் சொல்லும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வார், அடுத்த அறையில் யாரோ கேட்பதுபோல. 2021 ஜூலைக் கலவரத்தில் வாட்ஸ்அப் குரல்பதிவுகள் என்ன செய்தன என்பதை நம் தெருக்களிலேயே பார்த்தோம்.

சட்டம் கையில் தருவது என்ன

சூனியக் கேஸ் போட்டு உள்ளே தள்ளிவிடுவார்களோ என்று பயப்படுகிறீர்கள். நிலைமை தலைகீழ். 1957-ஆம் ஆண்டின் 3-ஆம் எண் சட்டம், சூனிய ஒழிப்புச் சட்டம், ஒருவர் மாய சக்தியால் நோயோ கேடோ உண்டாக்கினார் என்று பழி சொல்வதையும், இவர்தான் சூனியக்காரர் என்று பெயர் சொல்லிக் காட்டுவதையும் குற்றமாக்குகிறது. யார் செய்தது என்று சொல்லச் சொல்லி ஒருவரை ஏற்பாடு செய்வதும் குற்றம். ஆகவே அந்த அம்மாவிடம் போய்க் கேட்டவர்களும் மாட்டுவார்கள். பழி சொன்னதன் விளைவாகக் கொலை நடந்தால் 20 ஆண்டு வரை சிறை. குறைகள் நிறைந்த பழைய சட்டம்தான். மாற்ற வேண்டும் என்ற பேச்சு வெகு நாளாக நடக்கிறது, நானும் அந்தக் கட்சி. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு அது உதவும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. அதே சட்டம், காசு வாங்கிக்கொண்டு மாய சக்தி இருப்பதாகக் காட்டிக்கொள்வதையும் தடுக்கிறது. பெரியம்மா காசு வாங்கியதில்லை என்பதால் கவலை இல்லை. இருந்தாலும் உப்பு மிளகாய் சுற்றுவதைச் சில மாதம் நிறுத்தி வைக்கட்டும். யார் பிள்ளையைத் தூக்கி வந்தாலும் சரி.

உடனே செய்ய வேண்டியது வேறு. தொல்லையிலிருந்து பாதுகாக்கும் 2011-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. உங்கள் பகுதி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போய், கவுண்டரில் "புரொடெக்‌ஷன் ஃப்ரம் ஹராஸ்மென்ட்" படிவம் வேண்டும் என்று கேளுங்கள். வக்கீல் தேவையில்லை. பெரியம்மாவால் நிற்க முடியாவிட்டால் அவருடைய எழுத்துச் சம்மதத்தோடு நீங்களே மனு கொடுக்கலாம். அவசரம் என்று மாஜிஸ்திரேட்டுக்குத் தோன்றினால் எதிர்த்தரப்பைக் கூப்பிடாமலே இடைக்கால ஆணை கிடைக்கும், கூடவே நிறுத்தி வைத்த கைது வாரண்டும். ஆணை அவர்கள் கையில் சேர்ந்த பிறகுதான் செல்லும். ஆகவே வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், நாளைக் காலையே போங்கள். அதற்குப் பிறகு கல் விழுந்தால், வாசலில் கூட்டம் நின்றால், ஆணையை மீறிய குற்றம். குரல்பதிவை முதலில் அனுப்பிய எண் யாருடையது என்று தெரியவில்லை என்றீர்களே, அதைத் தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டு வாங்கவும் இந்தச் சட்டத்தில் வழி உண்டு. தோண்ட வந்த நாலு பேரில் ஒருவர் பெரியப்பாவின் தம்பி மகன் என்பதால், அவர் ஒருவரை மட்டும் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் கொண்டுவர முடியும். கிளார்க்கிடம் உறவு முறையைச் சொல்லுங்கள், எந்தப் படிவம் என்று அவரே சொல்வார்.

ஆதாரம் முக்கியம். கேட்டில் எழுதியதை உங்கள் அண்ணன் கழுவப் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கழுவுவதற்கு முன் படம் எடுங்கள், தேதி தெரியும்படி. குரல்பதிவை அழிக்காதீர்கள். நாய் எலும்பைத் தூக்கி எறியாதீர்கள், ஒரு பையில் போட்டு வையுங்கள். அது நாய்தான் என்று எந்தக் கால்நடை மருத்துவரும் ஐந்து நிமிடத்தில் எழுதித் தருவார்.

போலீஸ் திருப்பி அனுப்பினால்

கோவில் விஷயம் என்றால் கோவில் விஷயம்தான். ஆனால் கூரையில் கல்லெறிவது சொத்துச் சேதம், அத்துமீறி வந்து தோண்டுவது அத்துமீறல், பெயர் சொல்லிப் பழி போடுவது 1957 சட்டப்படி குற்றம். வன்முறைக்குத் தூண்டும் செய்தி அனுப்புவது, 2021 டிசம்பரில் அமலுக்கு வந்த சைபர் குற்றச் சட்டத்தில் வருகிறது. இந்த நான்கையும் ஒரே தாளில் தேதி போட்டு எழுதிக்கொண்டு போங்கள். வாயால் சொன்னால் "பேசித் தீர்த்துக்கோங்க" என்பார்கள். தாளை நீட்டினால் கேஸ் நம்பர் கொடுத்தாக வேண்டும். மறுத்தால் கமாண்டரைப் பார்க்க வேண்டும் என்று அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். மறுத்தவரின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை அப்போதே தீரும், இது என் அனுபவம். செலவுக்கு வழி இல்லையென்றால் லீகல் எய்டு இருக்கிறது.

கூட்டத்துக்குப் பெரியம்மா போக வேண்டாம். நீங்களும் தனியாகப் போகாதீர்கள். கமிட்டிக்கு ஒரு பக்கக் கடிதம் போதும்: கோவில் விதிகளின் எந்தப் பிரிவில் நடவடிக்கை, குற்றச்சாட்டு என்ன என்பதை எழுத்தில் தரவும், தராதவரை அவர் உறுப்பினரே. பரியல் சொசைட்டிக்கும் இந்த மாதப் பணத்தை வங்கியில் கட்டி ரசீது வைத்துக்கொள்ளுங்கள். பணம் வரவில்லை என்று பிறகு யாரும் பேரை நீக்கக் கூடாது.

அவதூறு வழக்கு போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போடலாம். முன்னனுப்பிய ஒவ்வொருவர் மேலும் போடலாம். ஆனால் சிறு கோரிக்கை நீதிமன்றம் அவதூறை எடுக்காது, பெரிய நீதிமன்றத்துக்குப் பணமும் வருடங்களும் ஆகும். மூன்று வருடம் அவகாசம் இருக்கிறது, இப்போது அதை யோசிக்க வேண்டாம். அந்த அருள்வாக்கு அம்மாவின் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு "இவள்தான் போலி" என்று எழுதும் யோசனையையும் விடுங்கள். அவருக்கும் நிஜமாகவே சாமி வருவதாக இருக்கலாம். அதைவிட, கல்லெறியும் கூட்டம் ஒரு பெண் வீட்டை விட்டு இன்னொரு பெண் வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான்.

அண்ணன் சொல்வது

அண்ணன் கோழை இல்லை. நிஜமாகவே கை ஓங்கும் நிலை வந்தால் அன்றிரவே அழைத்துக்கொண்டு போய்விடுங்கள், போலீஸ் எண் 10111-ஐக் கூப்பிடுங்கள், மானம் ரோஷம் எல்லாம் அப்புறம். சில வாரம் உங்கள் வீட்டில் இருப்பதும் தப்பில்லை. ஆனால் விற்காதீர்கள். பயத்தில் விற்கும் வீட்டுக்குப் பாதி விலைகூட வராது, வாங்க வருபவர் பெரும்பாலும் அதே தெருக்காரராக இருப்பார். இப்படிப்பட்ட வழக்குகளில் நான் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்று: இந்த வீடு காலியானால் யாருக்கு லாபம்? நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இரண்டு வருடமாக வீட்டை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் யாரையும் பெயர் சொல்லிப் பழி சொல்லவில்லை, அதுவும் இந்தப் பதிலில் கூடாது. மனுவில் அந்த வரியை விட்டுவிடாதீர்கள், அவ்வளவே.

மூன்றாவதாக விழுந்த பெண்ணின் ஆயா, இரவு பின்வாசல் வழியாக வந்து, "எனக்கு இதில் நம்பிக்கையில்லை, மகன் பேச்சைத் தட்ட முடியல" என்று அழுதுவிட்டுப் போனதாக எழுதியிருந்தீர்கள். அவர்தான் உங்கள் முதல் சாட்சி. அவசரப்படுத்தாதீர்கள். சத்தியப் பிரமாணம் எழுதித் தர அவர் இன்றைக்குத் தயாராக இருக்க மாட்டார்; மகன் வீட்டில்தானே அவருக்கும் சோறு.

கடைசியாக, பெரியம்மா உங்கள் மூலம் கேட்ட கேள்வி: "வெள்ளிக்கிழமை கஞ்சி காய்ச்சலாமா கூடாதா, வக்கீலைக் கேள்." காய்ச்சட்டும். தன் வாசலில் தன் அம்மனுக்குக் கஞ்சி வைப்பது அவருடைய 15-ஆம் பிரிவு உரிமை. நீங்களும் உங்கள் கணவரும் கூட இருங்கள். முன் கேட்டைத் திறப்பதா வேண்டாமா என்பதை அன்று காலைத் தெருவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பின்வாசலைப் பூட்ட வேண்டாம். அந்த ஆயா தூக்குப் பாத்திரத்தோடு வந்தாலும் வருவார்.